ட்ரோன் படங்கள் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன?

கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகள். பாதி மணலும் பாதி நுரையுமாக நேர்மேலிருந்து தெரியும் கடற்கரை. நடுவில் கோபுரமும் தூரத்தில் மலையுமாக ஓர் ஊர். ட்ரோன் படம் என்றதும் நினைவுக்கு வருவது இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது மூன்றுமே வாயைப் பிளக்க வைத்தவை. இப்போது விரல் ஒரு நொடிகூட நிற்காமல் அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுகிறது. எடுத்தவர்கள் வேறு வேறு ஆட்கள், ஊர்களும் வேறு. படம் மட்டும் ஒன்றுதான்.

எடுத்தவர்களின் ரசனையைக் குறை சொல்ல முடியாது. கருவி நம்மை இழுக்கும் திசை அப்படி. சந்தையில் கிடைக்கும் சிறிய ட்ரோன்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே அகல லென்ஸ். இடது ஸ்டிக்கைத் தள்ளினால் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும், ஏறுவதும் சுகமாக இருக்கும். வெயில் பளிச்சென்று அடிக்கும் பகல் நேரத்தில்தான் பெட்டியைத் திறக்கத் தோன்றும். மேலே போனதும் கேமராவைப் பாதி சாய்த்தால் எல்லாமே தெரியும். எல்லாமே தெரிவதுதான் சிக்கல்.

ஐந்தரை ஏக்கரும் முப்பத்தைந்து சென்ட்டும்

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிஜேஐ நிறுவனத்தின் மினி 4 ப்ரோ போன்ற ட்ரோன்களின் லென்ஸ், முழு ஃபிரேம் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் அகலத்தைக் காட்டுகிறது. கேமராவை நேர்கீழாகத் திருப்பினால், படத்தின் நீளவாட்டில் விழும் தரையின் அளவு, பறக்கும் உயரத்தைப்போல ஏறக்குறைய 1.44 மடங்கு. 120 மீட்டர் உயரத்தில் நின்றால் 173 மீட்டர் நீளம், 130 மீட்டர் அகலம். நம் ஊர்க் கணக்கில் ஐந்தரை ஏக்கர். அதே ட்ரோன் 30 மீட்டரில் நின்றால் 43க்கு 32 மீட்டர், அதாவது முப்பத்தைந்து சென்ட்.

இப்போது அந்த ஐந்தரை ஏக்கருக்குள் நாற்று நடுகிற ஒருவரைத் தேடுங்கள். 12 மெகாபிக்சல் படத்தில் நீளவாட்டில் நாலாயிரத்துச் சொச்சம் புள்ளிகள் இருக்கும். 120 மீட்டரில் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 4.3 சென்டிமீட்டரைச் சுமக்கிறது. தோள் அகலம் 45 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஆள் மொத்தமே பத்துப் புள்ளி. முகம், முண்டாசு, குனிந்த முதுகு எதுவும் அந்தப் பத்துக்குள் அடங்காது. 30 மீட்டருக்கு இறங்கினால் அதே தோளுக்கு நாற்பது புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும். சேலையின் நிறம் தெரியும், கையில் நாற்று முடி இருப்பது தெரியும்.

உயரே போவதே சாதனையாக இருந்த காலம் ஒன்று உண்டு. பிரான்சில் நதார் என்ற பெயரில் புகழ்பெற்றிருந்த புகைப்படக்காரர் 1858இல் கயிறு கட்டிய பலூனில் ஏறி, பாரிசுக்குப் பக்கத்து ஊர் ஒன்றை மேலிருந்து படமெடுத்தார். அதற்கு முந்தைய முயற்சிகளில் தகடுகள் கறுத்துப்போய் வந்துகொண்டிருந்தன. பலூனிலிருந்து கசிந்த வாயு ஈரத் தகட்டின் ரசாயனத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அவர் எடுத்த அந்த முதல் வான்படம் இன்றைக்கு இல்லை. கிடைப்பவற்றில் பழையது, 1860 அக்டோபர் 13 அன்று பாஸ்டன் நகரத்தின்மேல் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பலூனிலிருந்து எடுத்தது. ஏறக்குறைய 1,200 அடி உயரம். கூரைகளும் தெருக்களும் கலைந்து கிடக்கும் அந்தப் படத்தை இன்று பார்த்தாலும் பிரமிப்பு வரும். அன்றைக்கு அப்படி ஒரு காட்சியை யாரும் கண்டதில்லை என்பதே அந்தப் பிரமிப்பின் பெரும்பகுதி.

1906இல் பூகம்பமும் தீயும் சான் பிரான்சிஸ்கோவை அழித்த பிறகு, ஜார்ஜ் லாரன்ஸ் இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள அகலக் கேமராவைப் பட்டங்களின் வரிசையில் கட்டி, ஏறக்குறைய 2,000 அடிக்கு ஏற்றினார். அந்தப் படத்துக்கு அந்த உயரம் தேவைப்பட்டது. அழிவு எவ்வளவு தூரத்துக்குப் பரவியிருக்கிறது என்பதுதான் அங்கே விஷயம். 200 அடியில் எடுத்திருந்தால் இடிந்த ஒரு தெரு கிடைத்திருக்கும், இடிந்த நகரம் கிடைத்திருக்காது.

ஆக, எவ்வளவு உயரம் என்பதை விஷயம்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் பெரும்பாலான விஷயங்களுக்கு 40 மீட்டருக்குக் கீழேயே விடை இருக்கிறது. தரையிலிருந்து பார்க்கும்போது எது மறைந்திருக்கிறதோ, அது திறந்துகொள்ளும் மிகக் குறைந்த உயரத்தில் நிற்கலாம். தெப்பக்குளத்தை மறைப்பது மதில் சுவர் என்றால் சுவருக்கு மேலே பத்து மீட்டர் போதும். குளம், படிக்கட்டு, மண்டபம், பின்னால் கோபுரம் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு நிற்கும். இன்னும் ஏறினால் அந்த அடுக்கு கலைந்து எல்லாம் தரையோடு ஒட்டிப்போகும்.

கரைவலையின் மேலே

மேலே போவதால் மட்டுமே கிடைக்கும் படத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் கரைவலை. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, படகு வலையை இறக்கிக்கொண்டே கடலுக்குள் போய், வளைந்து திரும்பி, இன்னொரு முனையைத் தள்ளிக் கரை சேர்க்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். மீன் சேரும் மடி கடைசியில்தான் வரும். கரையில் நின்று பார்க்கிறவருக்குத் தெரிவது இழுக்கிற மனிதர்கள் மட்டும். தண்ணீரில் வலை போட்டிருக்கும் பெரிய வளைவு கண்ணுக்கு எட்டாது. மிதவைகள் அலைகளுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தலைகாட்டும், அவ்வளவுதான்.

இங்கே இரண்டு படங்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் வேறு வேறு உயரம். வளைவு முழுவதும் வேண்டுமென்றால் ஏறித்தான் ஆக வேண்டும். அதிலும் வலை தண்ணீரில் விரிந்த உடனே எடுப்பதைவிடக் காத்திருப்பது நல்லது. இரண்டு வரிசையும் நெருங்கி, வளைவு சுருங்கி, மடி கரையை நெருங்கும் கடைசி நேரத்தில் எல்லாமே சின்னப் பரப்புக்குள் வந்துவிடும். அப்போது 60, 70 மீட்டரே போதும். மடிக்கு மேலே பறவைகள் கூடத் தொடங்கும் நேரமும் அதுதான். அந்தப் பக்கம் ட்ரோனைக் கொண்டுபோகாமல் தள்ளி நிற்க வேண்டும்.

இன்னொரு படம் 25, 30 மீட்டரில், நேர்கீழே பார்த்து எடுப்பது. நேர்மேலிருந்து பார்த்தால் மனிதர் வெறும் தலையும் தோளும்தான். இழுக்கிறாரா சும்மா நிற்கிறாரா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் கிழக்குக் கடற்கரையில் காலை வெயில் கடல் பக்கமிருந்து சாய்வாக வருகிறது. ஒவ்வொருவருடைய நிழலும் மணலில் நாலைந்து மீட்டருக்கு நீண்டு விழும். பின்னால் சாய்ந்த உடம்பு, மடங்கிய முழங்கால், இறுகிய கயிறு எல்லாம் அந்த நிழலில் பக்கவாட்டுத் தோற்றமாகத் தெரியும். மனிதர்கள் புள்ளிகளாக இருக்க, அவர்களுடைய வேலையை நிழல்தான் காட்டுகிறது. படத்தை வெட்டும்போது நிழலின் தலை ஓரத்தில் அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். படத்தைத் தலைகீழாகத் திருப்பி, நிழல்கள் நிமிர்ந்து நிற்கிற மாதிரி வைக்கிறவர்களும் உண்டு. எனக்கு அது கொஞ்சம் வித்தை காட்டுகிற மாதிரிப் படும்.

பறக்க விடும் முன் போய்க் கேட்டுவிடுவது மரியாதை. "அண்ணே, மேலேருந்து ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்றால் அநேகமாக யாரும் மறுப்பதில்லை. "எங்களுக்கும் அனுப்புங்க தம்பி" என்பார்கள். அனுப்ப வேண்டும்.

நம் ஊர் வெயில் வேறு

விடிந்து ஒரு மணி நேரம், மறைவதற்கு முன் ஒரு மணி நேரம் என்று எல்லாப் பயிற்சி வீடியோக்களிலும் பொன்னேரத்தைச் சொல்வார்கள். அறிவுரை சரிதான், ஆனால் கடிகாரம் ஐரோப்பாவுடையது. மார்ச், செப்டம்பர் வாக்கில் லண்டனில் சூரியன் அடிவானத்திலிருந்து 10 டிகிரி ஏறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. மதுரையிலோ நாகப்பட்டினத்திலோ நாற்பது நிமிடத்தில் ஏறிவிடும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாகவே கிளம்புகிறது.

இது ட்ரோன் படத்துக்கு ஏன் முக்கியம் என்றால், மேலிருந்து பார்க்கும்போது ஒரு பொருளுக்கு உருவம் கொடுப்பது நிழல் ஒன்றுதான். சூரியன் 10 டிகிரியில் இருக்கும்போது நிழல் பொருளின் உயரத்தைப்போல ஐந்தரை மடங்குக்கு மேல். 20 டிகிரியில் இரண்டே முக்கால் மடங்கு. 45 டிகிரியில் சமம். வரப்பு, உழவுச்சால், பனைமரம் எல்லாம் 10 டிகிரி வெயிலில் தரையிலிருந்து எழுந்து நிற்கும். 60 டிகிரியில் வரைபடத்தில் போட்ட கோடும் வட்டமுமாக ஆகிவிடும். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நடுப்பகலில் நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழலே கிடையாது. அந்த நாள்களில் உச்சிவேளையில் எடுக்கும் நிலப்பரப்புப் படம் தட்டையாக வந்தால் கேமராவைத் திட்டிப் பயனில்லை. டிசம்பரில் நிலைமை தேவலை. தென் மாவட்டங்களில் உச்சியில்கூடச் சூரியன் 57 டிகிரி வாக்கில்தான் நிற்கும், உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிழல் கிடைக்கும்.

அதனால் விடியும்போது மைதானத்தில் நின்றுகொண்டு பேட்டரியை மாட்டுவது தாமதம். ஜிபிஎஸ் பிடித்து, ட்ரோன் திரும்பிவர வேண்டிய இடம் பதிவாகி, ட்ரோன் கிளம்பத் தயாராக இருக்கும்போது சூரியன் வர வேண்டும். கடற்கரை ஊரில் ஏசி அறையிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ நேராக எடுத்துவந்தால் லென்ஸ் பனித்துவிடும். நல்ல வெளிச்சத்தில் பாதி, அது காய்வதற்குள் போய்விடும்.

காற்றின் தெளிவும் ஒரு விஷயம். கடலோரத்தில் கோடைக் காலத்து ஈரம் அடிவானத்தை எப்போதும் வெளுத்தே வைத்திருக்கும். அப்போது கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து அடிவானத்தைப் படத்திலிருந்து எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். வடகிழக்குப் பருவமழையில் ஒரு நாள் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, தூரத்து மலை கைக்கு எட்டுவதுபோல் தெரியும். தூரக் காட்சிகளை அந்த நாள்களுக்கு ஒதுக்கி வைக்கலாம். போகி அன்று காலை சென்னையில் என்ன எடுத்தாலும் புகைதான்.

தண்ணீர் என்ற விதிவிலக்கு

பொன்னேர விதி தண்ணீரிடம் செல்லாது. தாழ்ந்த வெயில் தண்ணீருக்குள் அதிகம் இறங்காமல் மேலேயே பட்டுத் தெறித்துவிடும். கடலடித் தரை, பாறை, மணல் திட்டு, ஆற்றின் ஆழ வேறுபாடு இவையெல்லாம் தெரிய வேண்டுமென்றால் சூரியன் கொஞ்சம் ஏற வேண்டும். ரொம்ப ஏறினாலும் ஆபத்து. நேர்கீழே பார்க்கும் படத்தில் சூரியனின் பிரதிபலிப்பு, சூரியன் உச்சியிலிருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கிறதோ அத்தனை டிகிரி தள்ளி விழும். நாம் சொன்ன அகல லென்ஸ் நடுவிலிருந்து மூலை வரைக்கும் 42 டிகிரி பார்க்கிறது. சூரியன் அடிவானத்திலிருந்து 48 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை அந்தக் கண்கூசும் வெள்ளைத் திட்டு படத்துக்கு வெளியே இருக்கும். மார்ச் மாதத்தில் இது காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை என்று வைத்துக்கொள்ளலாம். பொன்னேரம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் மூட்டை கட்டும் நேரம்.

பளபளப்பைக் குறைக்க லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் வடிகட்டி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றிக் குழப்பம் அதிகம். தண்ணீரின் பளபளப்பை அது முழுசாக வெட்டுவது ஒரே ஒரு கோணத்தில்தான். கேமரா அடிவானத்திலிருந்து 37 டிகிரி கீழே சாய்ந்திருக்க வேண்டும். நேர்கீழே பார்க்கும் கேமராவுக்கு முன்னால் போலரைசர் மாட்டினால் வெளிச்சம் குறைவதைத் தவிர ஒன்றும் நடக்காது, நேராகத் திரும்பிவரும் ஒளியில் வெட்டுவதற்கு ஏதுமில்லை. அதுபோக, தரையில் வைத்துத் திருகிய வடிகட்டி மேலே ட்ரோன் திரும்பத் திரும்ப வேறு மாதிரி வேலை செய்யும். எந்தத் திசையைப் பார்த்து எடுக்கப் போகிறோமோ அந்தத் திசையில் ட்ரோனைக் கையில் பிடித்து, கேமராவைச் சாய்த்து, திரையைப் பார்த்துத் திருகிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

கூடவே கட்டாகக் கொடுக்கும், வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் என்டி வடிகட்டிகள் பெரும்பாலும் வீடியோவுக்கானவை. நின்ற படத்துக்கு அவை தேவைப்படுவது, அலையையோ அருவியையோ பஞ்சாக்க விரும்பும்போது மட்டும்.

தூத்துக்குடி உப்பளத்தில் கேமரா ஏமாறும் விதம்

நேர்மேலிருந்து எடுப்பது வெறும் பழக்கமாகிவிட்டது என்று மேலே குறைபட்டுக்கொண்டேன். அது நியாயமாக வேலை செய்யும் இடம் உப்பளம். வரப்பில் நின்று பார்த்தால் பாத்திகள் எல்லாம் வானத்தைத்தான் காட்டும். சாய்வாகப் பார்க்கும்போது நீர்ப்பரப்பு கண்ணாடியாகிவிடுகிறது. நேர்மேலிருந்து பார்த்தால் தண்ணீர் திருப்பியனுப்புவது வெறும் 2 சதவீத ஒளிதான். மீதிப் பார்வை உள்ளே போகிறது. நீர் வற்றி உப்பு ஏற ஏற, உவர்நீரில் வாழும் நுண்ணுயிர்களால் சில பாத்திகள் இளஞ்சிவப்பாகவும் செந்நிறமாகவும் மாறும். ஒரு பாத்தி பச்சையாக, பக்கத்துப் பாத்தி ரோஜா நிறமாக, அடுத்தது படிகம் கட்டி வெள்ளையாக இருக்கும். இந்த வித்தியாசம் கரையில் நிற்கிறவருக்கு அரைகுறையாகத்தான் கிடைக்கும்.

கேமரா இங்கே தப்புப் பண்ணும். அதன் ஒளிமானி, முன்னால் இருப்பது எதுவானாலும் அது சராசரிச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளை உப்பைக் காட்டினால் இவ்வளவு வெளிச்சமா என்று குறைத்து, அழுக்குச் சாம்பலாக்கித் தரும். ஈவி என்ற வெளிச்சத் திருத்த அளவைப் பிளஸ் 0.7 வாக்கில் ஏற்றினால் உப்பு வெள்ளையாகும். ரொம்ப ஏற்றினால் படிகங்களின் நுணுக்கம் வெளுத்துப்போகும், அப்புறம் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. திரையில் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைத் திறந்து வைத்து, மேடு வலது ஓரத்தைத் தொடாமல் நெருங்கி நிற்குமாறு பார்த்துக்கொண்டால் சரி. அலையாத்திக் காடோ நனைந்த கரிசல் மண்ணோ என்றால் இதற்கு நேர்மாறாக, மைனஸ் பக்கம் போக வேண்டும். எப்படியானாலும் ஜேபெக்கோடு கூடவே, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பையும் சேமிப்பது நல்லது. ட்ரோனின் சென்சார் சிறியது. ஜேபெக்கில் ட்ரோன் தானாகச் செய்யும் கூர்மையாக்கலும் பொரிப்புள்ளி நீக்கமும் புல்லையும் இலையையும் களிமண்ணாக்கிவிடும்.

அங்கே வேலை செய்கிறவர்கள் வெயிலுக்கு அஞ்சி இருட்டோடு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். படமெடுக்க வெளிச்சம் வரும்போது அவர்களுடைய நாளில் பாதி முடிந்திருக்கும். வரப்பில் வரிசையாகத் தலையில் உப்புச் சுமந்து போகும் பெண்களைப் பார்த்தால் யாருக்கும் விரல் துடிக்கும். நிறப் பாத்திகளுக்கு நடுவே அழகான புள்ளிகளாக அவர்களை வைத்துவிட்டு வருவது எனக்கு உறுத்தும். ஆளைக் காட்டுவதென்றால் சுமை தெரிகிற உயரத்துக்கு இறங்கி எடுக்க வேண்டும். அதற்கு அளத்துக்காரரிடம் மட்டுமல்ல, அவர்களிடமும் கேட்க வேண்டும்.

காற்று, கோணம், லென்ஸ்

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், 249 கிராம் ட்ரோன் எம்மாத்திரம். மினி 4 ப்ரோ தாங்கும் என்று நிறுவனம் சொல்லும் காற்று வேகம் நொடிக்கு 10.7 மீட்டர். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் மும்முரமாகச் சுழலும் மாதங்களில் மேலே அதைத் தாண்டி வீசும். காற்றாலைகளைப் படமெடுக்க நல்ல காலம் அவை சுழலும் காலம், ட்ரோனுக்கு நல்ல காலம் அவை ஓய்ந்திருக்கும் காலம்! நடுவில் அமைதியான அதிகாலைகளைப் பிடிக்க வேண்டும். எப்போதும் முதலில் காற்றை எதிர்த்துப் போய், பேட்டரி குறைந்த பிறகு காற்றோடு திரும்பும்படி வழியைத் திட்டமிட வேண்டும்.

படம் எடுக்கும்போது ட்ரோன் நிற்க வேண்டும். மேலே இருப்பதால் நகர்வது தெரிவதில்லை. 30 மீட்டர் உயரத்தில் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே 1/100 நொடிப் படம் எடுத்தால், அந்த நேரத்துக்குள் 5 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். படத்தில் ஐந்து புள்ளி இழுவல். போனில் தெரியாது, பெரிதாக அச்சிட்டால் எல்லாமே லேசாக மசங்கியிருக்கும்.

கட்டடம் எடுக்கும்போது ட்ரோனால் கிடைக்கும் ஒரு வசதியைப் பலர் பயன்படுத்துவதில்லை. தரையில் நின்று கோபுரத்தை அண்ணாந்து எடுத்தால் பின்னால் சரிவதுபோல் வரும். உச்சிக்கு மேலே போய்க் குனிந்து எடுத்தால் அடிப்பகுதி ஒடுங்கும். கட்டடத்தின் பாதி உயரத்தில், கேமராவைச் சாய்க்காமல் நேராக வைத்து, தள்ளி நின்று எடுத்தால் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே நிற்கும். 40 மீட்டர் மணிக்கூண்டுக்கு 20 மீட்டர் உயரம். பழைய காலத்தில் துருத்திபோல் மடியும் பெரிய பெல்லோஸ் கேமராவை வைத்துக்கொண்டு கட்டடப் படக்காரர்கள் பாடுபட்டுச் செய்த வேலை இது.

2023இல் வந்த டிஜேஐ ஏர் 3, மேவிக் 3 ப்ரோ போன்ற ட்ரோன்களில் 70 மில்லிமீட்டர் லென்ஸும் கூட இருக்கிறது. மெகாபிக்சல் ஏறியதைவிட இந்த லென்ஸ்தான் உண்மையான மாற்றம் என்பேன். மலை அடுக்குகளை நெருக்கி நிறுத்தும், தூரத்துச் சுவடுகளைக் கிட்டக் கொண்டுவரும். எல்லோருக்கும் ஒரே அகலப் படம் என்ற சிறையிலிருந்து அது ஒரு வழி. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியை இந்திய அரசு தடை செய்ததால் இங்கே பலர் கையில் இருப்பவை பழைய மாடல்கள். அவர்கள் ஒன்றும் இழந்துவிடவில்லை. 48 மெகாபிக்சலில் நல்ல வெளிச்சத்தில் எடுத்து, நடுப்பகுதியை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். ஆளும் அலையும் அசையாத காட்சி என்றால் பக்கம்பக்கமாக எடுத்த ஒன்பது படங்களை ஒட்டியும் பெரிதாக்கலாம்.

எங்கே பறக்கக் கூடாது

2021 ஆகஸ்ட்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரை பறக்க முன் அனுமதி வேண்டாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் அது 60 மீட்டராகக் குறையும். மஞ்சள், சிவப்பு மண்டலங்களுக்கு அனுமதி வேண்டும். 250 கிராம் வரையுள்ள நானோ வகைக்கும், சொந்த உபயோகத்துக்கான இரண்டு கிலோ வரையுள்ள மைக்ரோ வகைக்கும் விமானி சான்றிதழ் தேவையில்லை. கல்யாண வீட்டில் காசு வாங்கிக்கொண்டு மைக்ரோ ட்ரோன் பறக்க விடுகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. மண்டல எல்லைகள் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் அன்று அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்திலுள்ள வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் வரைபடம் என்ன சொன்னாலும் துறையின் அனுமதி தனி.

பறவைகள் விஷயத்தில் சட்டத்துக்கு முன்னால் மனசு வர வேண்டும். ஏரியில் அமர்ந்திருக்கும் கூட்டத்தின்மேல் ட்ரோனை இறக்கி, அவை சிதறி எழும்பும் நொடியை எடுத்துவிட்டு 'அற்புதக் காட்சி' என்று போடுவதைப் பார்க்கிறோம். அடைகாக்கும் காலத்தில் ஒரு தடவை கூட்டைவிட்டு எழுந்தாலே முட்டையைக் காகம் கொத்திவிடும், குஞ்சு வெயிலில் கிடக்கும். கூடு கட்டும் காலத்தில் பருந்தும் காகமும் ட்ரோனையே தாக்க வரும். அப்போது பக்கவாட்டில் ஓடாமல் நேராக மேலே ஏறி, விலகிப் போய், அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். வேடந்தாங்கல், கோடியக்கரை போன்ற சரணாலயங்களில் ட்ரோனை வெளியே எடுக்கவே கூடாது. வேடந்தாங்கலில் ஏரிக்கரையிலேயே ஒரு காட்சிக் கோபுரம் இருக்கிறது. நீண்ட லென்ஸோடு அதில் ஏறினால் கூடு தெரியும், குஞ்சுக்கு இரை ஊட்டுவது தெரியும், எந்தப் பறவையும் எழுந்து பறக்காது.